ஒன்பது முடிச்சு

ஐம்பத்தைந்து வயதில் ஒரு கரப்பான்பூச்சியால் கையில் நான்கு தையல் போட்டுக்கொண்ட மடையன், தாம்பரம் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கரப்பான் மேல் குற்றமில்லை. ப்ளஸ் டூ படிக்கும் மகள் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கரப்பானை அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு தட்டினால் இறக்கை கழன்றது. இன்னொரு தட்டில் வயிறு திறந்தது. தப்பாகத் தட்டினால் எல்லாம் பழையபடி மூடிக்கொண்டு, பூச்சி புத்தம் புதிதாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் ஒரு டிஸெக்‌ஷனா? நிஜத்தைக் காட்டறேன் பாரு" என்று சமையலறைக்குப் போனேன். ஸிங்க்குக்கு அடியில் ஒன்று நின்றது. மனைவி துடைப்பத்தை ஓங்கினாள். "இரு, ஆணா பெண்ணான்னு பார்க்கணும்" என்று கண்ணாடி டம்ளரை அதன்மேல் ஓங்கிக் கவிழ்த்தேன். டம்ளர் உடைந்தது. கரப்பான் போய்விட்டது. உள்ளங்கையில் ரத்தம்.

"தெரிஞ்சுதா, ஆணா பெண்ணா?" என்றாள் மனைவி, என் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே.

பத்து நாள் கழித்து, தையல் பிரிக்க ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா என் சீட்டைப் படித்தார். "கையை நீட்டுங்க" என்று சொல்லவந்தவர், முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீட்டு" என்றார். பிறகு இடுக்கியை எடுத்தார். பேனா பிடிப்பதுபோல, சுண்டுவிரலைத் தட்டின் விளிம்பில் ஊன்றி. அந்தப் பிடியை எனக்குத் தெரியும். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டெல்லா.

தையல் பிரிக்க வலிக்காது என்பார்கள். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஸ்பிரிட் வாசனை வேறு. அதை மோந்தால் உங்களுக்கு ஊசி ஞாபகம் வரலாம். எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்து ஸுவாலஜி லேப்தான் வரும்: ஃபார்மலின், ஈர மரமேஜை, மெழுகுத் தட்டு, எல்லாவற்றுக்கும் மேலே என் சொந்தப் பயத்தின் வியர்வை நாற்றம்.

எண்பதுகளின் பின்பாதி. ஒரு மேஜைக்கு இரண்டு பேர். என் மேஜையில் ஸ்டெல்லா. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. டாக்டராகப் போகிறேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் தவளையைத் திறக்கிற விதத்திலேயே அது தெரியும். தவளைகளைச் சைக்கிளில் ஈரச்சாக்கு கட்டிய ஒருவர் கொண்டுவந்து கொட்டுவார். முதல் நாள் நான் கத்திரியை எடுத்தேன், தவளை காலை உதறியது, நான் கத்திரியைக் கீழே போட்டேன். "செத்துதாண்டா இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. அன்றே ஒப்பந்தமாயிற்று. அவள் அறுப்பாள், நான் இரண்டு பேருடைய ரெக்கார்டு நோட்டிலும் படம் வரைவேன். படம் எனக்கு அருமையாக வரும். தட்டில் இருப்பதைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து வரைவதால் இன்னும் அருமையாக வரும். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பரீட்சையில் ஆளுக்கொரு தட்டு என்பது எனக்கு ஹால் டிக்கெட் கையில் வந்த பிறகுதான் உறைத்தது.

இன்னொரு வழக்கம் உண்டு. செய்முறைப் பரீட்சைக்குக் கரப்பானை அவரவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு மானமே போய்விட்டது. "நம்ம வீட்ல ஏது கரப்பான்? ஸ்கூல்ல கேட்டா நம்ம வீட்ல புடிச்சதுன்னு சொல்லிடாத!" கடைசியில் அரிசி மண்டிச் சாக்குகளைப் புரட்டி இரண்டைப் பிடித்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, பஸ் ஏறினேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாபா பாட்டில்ல?"

"கரப்பான்ணா. பரீட்சைக்கு."

"அதுக்குமா பரீட்சை வெச்சிகீறானுங்க?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பாட்டில் மட்டும் என் கையில் கடகடவென்று ஆடியது.

லேபில் கேள்விச் சீட்டு எடுத்தேன்: கரப்பானின் நரம்பு மண்டலம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரப்பானைத் தண்ணீருக்குள் மல்லாக்க அல்ல, குப்புறக் குத்தி, முதுகோட்டை எடுத்து, குடலை ஒதுக்கி, வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கும் கொழுப்பைக் கழுவினால், அடியில் தலைமயிர் கனத்தில் வெள்ளையாக ஒரு இழை ஓடும். அதில் முடிச்சு முடிச்சாக நரம்புத் திரள்கள்: மார்பில் மூன்று, வயிற்றில் ஆறு. அதன் கீழே கறுப்புத் தாளைச் செருகிக் காட்ட வேண்டும். முதல் பூச்சியில் கொழுப்போடு நரம்பையும் கழுவி ஊற்றிவிட்டேன். இரண்டாவதில் இழை தெரிந்தது. தெரிந்த சந்தோஷத்தில் ஊசி நடுங்கியது. இழை அறுந்து, எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

கர்ச்சீப் விளிம்பிலிருந்து ஒரு வெள்ளை நூலை உருவினேன். மேஜைக்கு அடியில் முடிச்சுப் போட்டேன். மூன்று பெரிது, ஆறு சிறிது. ஒன்பது. எண்ணி எண்ணித்தான் போட்டேன். தட்டில் நீளவாக்கில் கிடத்தி, கறுப்புத் தாளைச் செருகினேன்.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என் தட்டின் முன்னால் நின்றார். நான் கர்ச்சீப்பைப் பாக்கெட்டுக்குள் திணித்தேன். மண்டியிலிருந்து வந்த என் கரப்பான் உள்ளுக்குள் பருத்தி வைத்துக்கொண்டு படுத்திருந்தது. "பேஷ்" என்றார் அவர். அதோடு போயிருக்கலாம். தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். ஸ்டெல்லாவின் மேஜை. அவளுக்கும் அதே கேள்விதான்.

"இதப் பாரும்மா. புஸ்தகத்துல போட்டிருக்கற மாதிரி இருக்கு. உன்னோடது பாரு, ஒரே கலங்கல்."

அவளுடையது நிஜ நரம்பு. நிஜம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். ஓரிடத்தில் கொழுப்பு ஒட்டியிருக்கும், ஓரிடத்தில் வளைந்திருக்கும். ஸ்டெல்லா லென்ஸை எடுத்து என் தட்டின் மேல் குனிந்தாள். மேலிருந்து கீழே மெதுவாகப் போனாள். அந்த ஒரு நிமிஷத்தில் என்னை லேபை விட்டுத் துரத்தினார்கள், அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், நான் பம்மல் தோல் தொழிற்சாலையில் தோல் உரசப் போனேன். எல்லாம் மனசுக்குள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பார்த்துட்டேன் சார்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வருடம் அவளுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் போயிற்று என்றார்கள். எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அது அந்தக் கலங்கலுக்குக் குறைத்த மார்க்காக இருந்துவிட்டால்? நர்ஸிங் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். அவள் வீட்டு வழியாகப் போனால் பஸ் ஸ்டாண்டு ஐந்து நிமிஷம். நான் வருடக்கணக்காகச் சிவன் கோயிலைச் சுற்றிக்கொண்டு பதினைந்து நிமிஷம் நடந்தேன். பக்திமான் என்று பெயர்கூட வாங்கினேன்.

"உயிரைக் கொன்னு அப்படி என்னப்பா கத்துக்கிட்டீங்க?" என்று, கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் போன வாரம் மகள் கேட்டாள். உடம்பு என்பது படம் மாதிரி இருக்காது, அதைத்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே நாக்குக் குழறியது. அதைக் கற்றுக்கொண்டவள் வேறு ஒருத்தி. நான் பூச்சியைப் படமாக மாற்றி மார்க் வாங்கியவன். மகளின் திரைக்கு நான்தான் முன்னோடி.

இப்போது அந்த லேப் கம்ப்யூட்டர் அறை. மரமேஜைகள் போயின, மெழுகுத் தட்டுகள் போயின. ஈரச்சாக்குக்காரர் வருவதில்லை. வந்தாலும் கொண்டுவரத் தவளை இல்லை. மழை விட்டதும் ஏரிப்பக்கம் எழும் அந்தத் தவளை இரைச்சல் போய், மோட்டார் சத்தம்தான் கேட்கிறது. தப்பாக அறுத்தால் அறுத்ததுதான் என்கிற அந்த நடுக்கமும் போய்விட்டது. நல்லதுக்கா கெட்டதுக்கா, எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெல்லா மூன்று தையலைப் பிரித்துத் தட்டில் வைத்திருந்தாள். நான்காவதன் முடிச்சை இடுக்கி தூக்கியது. என் வாய் தானாகத் திறந்தது.

"ஸ்டெல்லா, அன்னிக்கு லேப்ல... அது நரம்பு இல்ல. நூலு. என் கர்ச்சீப்பு நூலு. ஏன் நீ சார்கிட்ட சொல்லல? என்னாலதான் உனக்கு சீட்டு..."

அவள் நூலை உருவி, வெளிச்சத்தில் ஒரு கணம் பிடித்துப் பார்த்து, தட்டில் போட்டாள்.

"பத்து முடிச்சு இருந்துது. கையை ஆட்டாத."