பெயர் உரிந்த இரண்டு பைகள்

செவ்வாய்க்கிழமை காலை ஃப்ரீசரைத் திறந்ததும் ஜெயப்பிரியாவின் கண்ணில் பட்டது அதன் சுத்தம்தான். மாதக்கணக்கில் சுவரில் அப்பிக் கிடந்த பனி முழுக்கக் கரைந்து போயிருந்தது. உள்ளே ஈரத்துணியால் துடைத்த வாசனை. பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே அந்த இரண்டு பைகளும் ஒன்றன் மேல் ஒன்றாக அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் அவள் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளைத்தான் காணவில்லை.

இரண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி. எல்லாருக்கும் ஒரே விதமான பைகளை அவளே அனுப்பி, இதில்தான் முப்பது மில்லி தாய்ப்பால் தரவேண்டும் என்று எழுதியும் அனுப்புவாள். தன் தொழிலின் ஒழுங்கு என்று இத்தனை நாள் அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஜெயப்பிரியாவுக்கு முப்பத்தொரு வயது. ராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, புதுச்சத்திரத்துக்கு வாக்கப்பட்டவள். பட்டு நூல் சுற்றிய ஜிமிக்கிகளில் ஆரம்பித்து, பிறகு கண்ணாடி போல இறுகும் ரெசினை அச்சில் ஊற்றும் வேலையைக் கற்றுக்கொண்டாள். கல்யாண மாலையின் பூக்களைப் பதித்த சுவர்க் கடிகாரம், வாசலுக்குப் பெயர்ப்பலகை, பூஜைத் தட்டு என்று நெடுஞ்சாலையோர வீட்டின் முன்னறை முழுக்க அவள் செய்த பொருள்கள்தான். தாய்ப்பாலை உலர்த்திப் பொடியாக்கி, முத்துப் போல வெண்ணிறமாக மோதிரத்திலோ டாலரிலோ பதிக்கும் வேலையை இரண்டு வருடமாகச் செய்கிறாள். அதைச் செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"அத்தை, ஃப்ரீசரத் தொடச்சீங்களா?"

மாமியார் கந்தம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆமாஞ்சாமி. ஆடி நோம்பி வருதல்ல, ஊடு பூரா கழுவறப்ப அதையும் நிறுத்திப்போட்டுத் தொடச்சேன். ஏங்கண்ணு?"

"பையில சீட்டு ஒட்டியிருந்துச்சுங்களே."

"நனைஞ்சு அதுவா உரிஞ்சுக்கிச்சு. எனக்கென்ன படிக்கவா தெரியும்? தொடச்ச துணியிலதான் கெடக்கோணும்."

துணியைத் தேடி எடுத்தார்கள். சீட்டுகள் இருந்தன. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, கசங்கி ஒரே உருண்டையாகியிருந்தன. ஜெயப்பிரியா நகத்தால் பிரித்தாள். ஒன்றில் கனிஷ்கா, சேலம் என்றிருந்தது. இன்னொன்றில் ஷாலினி, கெங்கவல்லி. எது எந்தப் பையில் ஒட்டியிருந்தது என்பதுதான் தெரியவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கனிஷ்காவின் மகனுக்கு ஏழு மாதம். அவள் சேலத்திலிருந்து கூரியரில் அனுப்பியிருந்தாள். ஷாலினி அப்படி அனுப்பவில்லை. போன வாரம் கணவன் இளவழகனோடு பஸ் மாறி மாறி, ஐஸ் நிரப்பிய சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு நேரிலேயே வந்தாள். அவள் பெற்ற பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது இந்தப் பை ஒன்றுதான். வேறு கிடையாது என்பதை அவள் சொல்லவே தேவையிருக்கவில்லை.

பாலைக் கெடாமல் உலர்த்தும் பொடி மும்பையிலிருந்து வரட்டும் என்று ஜெயப்பிரியா காத்திருந்தாள். அது திங்கட்கிழமையே வந்துவிட்டது. அன்றே தொடங்கியிருக்கலாம்.

கனிஷ்காவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவள் சிரித்தேவிட்டாள். "அட, விடுங்கக்கா. இவன் குடிச்சதுபோக ஃப்ரீசர் நிறைய வச்சிருக்கேன். இன்னொரு பை அனுப்பறேன்." அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஃப்ரீசர் நிறைய என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயப்பிரியாவுக்கு ஷாலினியின் ஒற்றைப் பைதான் நினைவுக்கு வந்தது.

மதியம் சாப்பிட வந்த கணவன் ரமேஷ்குமார், அவள் தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டான். "ரெண்டும் வெள்ளைதான பிரியா. ஒன்ன எடுத்துச் செஞ்சு குடுத்துரு. யாருக்குத் தெரியப் போவுது?" ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் யாருக்குமே தெரியாது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. எந்த வாடிக்கையாளரும் வந்து சண்டை போடப் போவதில்லை. ஒருவேளை ஷாலினி வாழ்நாள் முழுக்க வேறொருத்தியின் பாலை விரலில் போட்டுக்கொண்டு அழுவாள்.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன என்று சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. அப்போது ஷாலினியின் பால் மோதிரத்தில் நிச்சயமாக இருக்கும், சொல்வது பொய்யாகாது. கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டாள். பையின் ஓரத்தில் வைத்தபோது, வேறொருத்தியின் பாலும் அதில் இருக்குமே என்று தோன்றியது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பைகளையும் பழையபடி உள்ளே வைத்தாள்.

புதன்கிழமை காலையில் இரண்டு பைகளையும் ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் பிரபா அவளுக்குப் பழக்கம்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, பாதி உருகிய பைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் பிரபா.

"பெத்த புதுசுல வர்ற பால் மஞ்சளா இருக்குமுங்க. மாசம் போகப் போக வெளுத்துரும். அப்படிப் பார்த்தா இதான் அந்தப் புள்ளையோடது." அந்த வெளிச்சத்தில் ஒன்றில் மட்டும் லேசாக மஞ்சள் ஓடியது தெரிந்தது; அந்தப் பையைத் தட்டிக் காட்டினார்.

"உறுதியாச் சொல்றீங்களாக்கா?"

"உறுதின்னு எப்படிங்க? தாய் என்ன தின்னாளோ அதும் நிறத்துல தெரியும். நான் எழுதியெல்லாம் குடுக்க மாட்டேன்."

ஜெயப்பிரியாவுக்கு அதுவே போதும் போலிருந்தது. மற்றப் பையின் அடி மூலையில் பழுப்பாக நூல் மாதிரி ஏதோ படிந்திருந்தது. ஃப்ரீசர் அழுக்காக இருக்கும், அப்போது அது ஷாலினியுடையது இல்லாமலிருப்பதே நல்லது என்றுகூட நினைத்துக்கொண்டாள். ஆனால் பாதி வழி வருவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. எத்தனையாவது நாள் எடுத்த பால் என்று தெரிந்தாலாவது கொஞ்சம் தைரியம் வரும். அதைக் கேட்க வேண்டுமானால் ஷாலினிக்கு போன் பண்ண வேண்டும். ஏன் கேட்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்று தடவை எண்ணைத் தொட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். நாலாவது தடவை மணி அடித்தது. "அக்கா, மோதிரம் ஆயிடுச்சா?" என்றாள் ஷாலினி.

ஜெயப்பிரியா ஒன்றையும் மறைக்கவில்லை. மறுமுனையில் போன் கைமாறியது. பிறகு இளவழகன் குரல் கேட்டது. "இன்னாங்க சொல்றீங்க? உங்கள நம்பித்தானே குடுத்தோம்? எதையும் தொடாதீங்க. காலைல வர்றோம்."

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். ஷாலினி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேசைக்குப் போனாள். ஜெயப்பிரியா இரண்டு பைகளையும் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தாள். நர்ஸ் சொன்னதை எடுத்துச் சொல்லவும் தயாராகத்தான் இருந்தாள். அதற்குள் ஷாலினி ஒரு பையைக் கையில் எடுத்துவிட்டாள். மஞ்சள் இல்லாத பையை.

"இது."

"ஷாலினி, நர்ஸக்கா அந்த இன்னொன்னத்தான்..."

"இதுதாங்க்கா." மூலையிலிருந்த பழுப்பு நூலைக் காட்டினாள். "மிஷின் வச்சு எடுத்து எடுத்துப் புண்ணாயிடுச்சு. எட்டாம் நாள் எடுத்ததுல ரத்தம் கலந்துடுச்சு. இத பாப்பாவுக்கு வேணாம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அதனாலதான் இது மிச்சம் இருந்துச்சு."

 நேற்று ஷாலினிக்கு போன் பண்ணாமல் இருந்திருந்தால் ஜெயப்பிரியா மஞ்சள் பையைத்தான் வெட்டியிருப்பாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஷாலினி அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன். என் கண்ணு முன்னால செய்யுங்க."

அப்படியே செய்தாள். சின்னக் கிண்ணத்தில் பாலை ஊற்றி, பொடி கலந்து, இளஞ்சூட்டில் கிளறினாள். பழுப்பு நூலும் அதோடு கரைந்து போனது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். ஒரு துளி சிந்தினாலும் அந்தக் கண்கள் பார்க்கும். அது உலர்ந்து மாவாக மூன்று மணி நேரம் ஆனது. இளவழகன் வாசலில் நின்று நெடுஞ்சாலை லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோபம் ஆறவில்லை.

மதியம் கந்தம்மாள் சோறு கொண்டுவந்து வைத்தார். நடந்தது என்ன என்று நேற்றுத்தான் அவருக்கு முழுதாகச் சொல்லியிருந்தாள். ஷாலினியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எம்மேலதாஞ்சாமி தப்பு. ரெண்டு வாய் சாப்புடு." கொஞ்சம் பொறுத்து, "பாப்பாவுக்குப் பேரு வச்சீங்களா?" என்று கேட்டார்.

ஜெயப்பிரியா திடுக்கிட்டாள். இப்படியா கேட்பது? ஆனால் அன்று முதல் தடவையாக ஷாலினியின் முகம் நிமிர்ந்தது.

"வச்சோம்மா. நிறைமதி. ஆஸ்பத்திரி அட்டைல ஷாலினி குழந்தைன்னுதான் எழுதியிருந்தாங்க. யாரும் பேரக் கேக்கல." பிறகு, விரல் எவ்வளவு நீளம், கண்ணைத் திறந்தது எந்த நாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு ரெசினை ஊற்றி விளக்கொளியில் இறுகவைத்தபோது குமிழி விழுமோ, மஞ்சள் படருமோ என்று ஜெயப்பிரியா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஷாலினி மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை. கந்தம்மாளிடம் மட்டும் "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுக் கணவனோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.

ஜெயப்பிரியா இப்போதும் அந்த வேலையைச் செய்கிறாள். ஒரு நேரத்தில் ஒருவருடைய பை மட்டும்தான், அது முடிந்தால்தான் அடுத்தது. ஆறு பேர் காத்திருக்கிறார்கள். பை கைக்கு வந்ததும் அழியாத மையால் பையின் மேலேயே பெயர் எழுதுகிறாள். எழுதிய பிறகும், ஒரு நாளில் நாலைந்து தடவை ஃப்ரீசரைத் திறந்து அந்தப் பெயரைப் படித்துப் பார்க்கிறாள்.