ஏழு மணி எண்டு எழுதி வைச்ச புல்லு

வாவிக்குள்ள வளருற கடற்புல்லைப் புடுங்கி, காய வைச்சு, அரைச்சு, அதுக்குள்ள எவ்வளவு சீனி, எவ்வளவு புரதம், எவ்வளவு உப்பு எண்டு அளக்கிறதுதான் என்ட தொழில். இதை மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்கப்படுத்தப் போய் ரெண்டு சம்பந்தம் குழம்பின பிறகு, "லெப்பில வேலை" எண்டு மட்டும் சொல்லப் பழகிட்டன்.

ஆருக்கும் விளங்காத வேலையைச் செய்துபோட்டு, "இதெல்லாம் ஒரு வேலையா?" எண்ட கேள்வியையும் சேத்து வாங்கிற ஆளா நீங்களும் இருந்தா, வாங்க, பக்கத்தில இருங்க. முதல்ல விசயத்தைச் சொல்லிடுறன். வாவித் தண்ணி எப்பவும் ஒரே மாதிரி இருக்கிறதில்ல. கோடையில உப்பு ஏறும். மாரி பெய்ஞ்சா ஆத்துத் தண்ணி வந்து உப்புக் குறையும், கலங்கும், வெளிச்சம் அடி வரைக்கும் போகாது. வெயில் உள்ள காலத்தில புல்லு சீனி செய்து சேத்து வைக்கும். கலங்கல் காலத்தில அதை எடுத்துத்தான் சீவிக்கும். சேமிப்பு முடிஞ்சா புல்லும் முடிஞ்சுது, அதுக்குள்ள ஒளிஞ்சு வளருற இறால் குஞ்சுக்கும் இடமில்ல.

இந்த மாரி, அந்தச் சீனி ஒரு பெரிய சண்டைக்கு நடுவில போய் மாட்டிச்சு. வாவி கடலோட சேருற முகத்துவாரத்தில மணல் மேடு குறுக்கா அடைச்சுக்கொண்டு நிக்கும். அதை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுறதை ஆத்துவாய் வெட்டுறது எண்டு சொல்லுவம். "சுறுக்கா வெட்டுங்க, வயல் வட்டையெல்லாம் தண்ணியில தாளுது" எண்டு வெள்ளாமைக்காரர். "இப்ப வெட்டினா இறாலெல்லாம் கடலுக்குப் போயிரும், பொறுங்க" எண்டு தோணிக்காரர். அடைபட்ட தண்ணியில புல்லு என்ன பாடு படுகுதெண்டு லெப்புக்குப் பொறுப்பான எங்கட சேர் ஒரு கூட்டத்தில சொல்லவேணும். அவர் வாசிக்கப் போறது என்ட அட்டவணையை. அது நல்லா வந்தாத்தான் மார்ச்சோட முடியிற என்ட வேலையும் இன்னொரு வருசம் நீளும்.

புடுங்கிற ரெண்டு பேர்

வவுணதீவுப் பக்கம், இடுப்பளவு தண்ணியில நிண்டு புல்லைப் புடுங்கிக்கொண்டிருந்தன். வேரோட, கிழங்குத் தண்டோட, ஒரு இலையும் அறாம எடுக்கவேணும். கரையில ஒரு வெள்ளாமைக்காரர் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு, காரியரில கட்டின மண்வெட்டியோட அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டார். கால் மணித்தியாலம். ஒருத்தர் பாத்துக்கொண்டு நிக்கேக்க வேலை செய்யிற கரைச்சல் உங்களுக்குத் தெரியும்தானே!

"அந்தப் பாசி எதுக்குப் புள்ள?" எண்டு கேட்டார். எனக்குச் சுள்ளெண்டு கோவம் வந்திட்டு. இது பாசி இல்ல, இதுக்கு வேர் இருக்கு, தண்ணிக்குள்ளயே பூப் பூக்கும், வட்டையில இருந்து ஓடி வாற பசளைத் தண்ணிக்கு இதுக்குள்ள புரதம் கூடலாம், உப்புக்கு வேற மாதிரி மாறும் எண்டு மூச்சு விடாமச் சொன்னன். அவர் பொறுமையாக் கேட்டார். பிறகு சைக்கிளில ஏறிக்கொண்டு சொன்னார்: "நாங்க புல்லைப் புடுங்கி எறியிறம். நீ புடுங்கிக் கொண்டு போறாய். ரெண்டு பேரில ஒராளுக்கு விசர்."

ஐஸ் பெட்டி

புடுங்கின புல்லு பைக்குள்ளயும் மூச்சு விடும். மூச்சு விட விட, நாங்க அளக்கவேண்டிய சீனியை அதுவே தின்னும். அதனால ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள லெப்புக்குக் கொண்டுபோகவேணும். ஒரு நாள் ஓட்டோ இடையில நிண்டுட்டு. பஸ்ஸில ஏறினன். கல்லடிப் பாலத்தில வாகனம் அசையேல்ல. பெட்டிக்கு அடியால ஐஸ் உருகிச் சொட்டுது.

"மீனைக் கொண்டு பஸ்ஸில ஏறக்கூடாது" எண்டு கொண்டக்டர் சத்தம் போட்டார். மீன் இல்ல எண்டன். நம்பேல்ல. பெட்டியை இறக்கு எண்டு பின்னுக்கு நிண்டவங்களும் சேந்து கத்தினாங்க. இறக்கினா ஒரு மாச வேலை போச்சு. வேற வழியில்லாம, எல்லாருக்கும் முன்னால மூடியைத் திறந்து காட்டினன். கொண்டக்டர் குனிஞ்சு பாத்தார். பச்சைப் புல்லு, சுத்தவர ஐஸ். அவரிட முகம் அப்பிடியே இளகிட்டு. மெதுவாக் கேட்டார்: "அக்கா, வீட்டில மாடு ஏலாமக் கிடக்கா?"

காச்சல்

மாரி தொடங்கி, ஆத்துவாய் அடைபட்டு, தண்ணி மாறத் தொடங்கின நேரம் பாத்து எனக்கு டெங்குக் காச்சல். மூண்டு கிழமை படுக்கை. ஒரு வருசமாக் காத்திருந்த மூண்டு கிழமை அது! அழுதே போட்டன்.

காப்பாத்தினது ராசண்ணன். தன்னாமுனைக்காரர், வாவியில இறால், நண்டு புடிக்கிறவர். அவரிட தோணியிலதான் நான் எப்பவும் போறது. எப்பிடிப் புடுங்கிறது, வாவித் தண்ணியிலயே அலசிறது, எல்லாம் என்னோட நிண்டு பாத்தவர். பைக்குள்ள போடுற விபரக் கடதாசித் துண்டுகளையும் நான் முதலே எழுதி வைச்சிருந்தன். ஈரக் கையோட தோணியில இருந்து எழுதுறது பெரிய கரைச்சல் எண்டு, காலம் முழுக்கத் தேவையான துண்டை ஒரே இருப்பில பென்சிலால எழுதி முடிச்சிருந்தன். இடம், ஆழம், "காலை 7 மணி". என்ட கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட வேலை அது.

ராசண்ணன் எனக்குப் பதிலாப் புடுங்கி, கிழமைக்கு ஒருக்கா மூண்டு தரமும் ஒரு பிழையில்லாமப் பையைக் கொண்டுவந்து குடுத்தாராம். லெப்பில என்னோட வேலை செய்யிற காத்தான்குடி நஸ்றின் ஃபோன் எடுத்துச் சொன்னாள்: "நீ செத்தாலும் ஒண்டுமில்லகா, வேலை ஓடுது."

சேர் சிரிச்ச நாள்

சீனி பாக்கிற சோதனையில, சீனி கூடக் கூடக் குழாய்க்குள்ள பச்சை நிறம் கடுக்கும். எழும்பி வேலைக்குப் போன கிழமை நஸ்றின் குழாய்களை வரிசையா நிப்பாட்டினாள். கோடைப் புல்லு இளம் பச்சை. மாரிப் புல்லு கடும் பச்சை. நாங்க எதிர்பாத்ததுக்கு அப்பிடியே தலைகீழ். மூண்டு தரம் திருப்பிச் செய்தம். மூண்டு தரமும் அதே பச்சை.

நஸ்றினுக்குப் புடிக்கேல்ல. "கலங்கல் தண்ணிக்குள்ள இருந்துகொண்டு இவ்வளவு சீனியா? எங்கயோ இடிக்குதுகா" எண்டாள். எனக்கு எரிச்சல். மார்ச்சோட வேலை முடியிற ஆள் அவள் இல்ல, நான். சேருக்குச் சந்தோசம். உப்புக் குறைஞ்சது புல்லுக்கு ஆறுதலா இருக்கலாம், அடைபட்டிருக்கிறதால கெடுதி இல்லப் போல எண்டு சொல்லிச் சிரிச்சார். அவர் சிரிச்சு நான் பாத்தது அண்டைக்குத்தான். ராசண்ணனுக்குச் சொன்னன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் தோணித் துறை முழுக்கச் சொல்லிப்போட்டு வந்து என்ட தலையைத் தடவினார்: "புள்ள, நீ எங்கட ஆள்தான் எண்டு எனக்கு முதலே தெரியும்."

குமிழி

கூட்டத்துக்கு முதல் நாள் காலமை ஏழு மணிக்கு, கடைசிப் பைக்காக ராசண்ணனோட போனன். நான் தண்ணிக்குள்ள இறங்கிக் குனிய, அவர் தோணியில இருந்து எட்டிப் பாத்தார். "இண்டைக்கு வடிவில்ல. நீ காச்சலாக் கிடந்த நேரம் பாத்திருக்கவேணும். இலை முழுக்க முத்து முத்தாக் குமிழி" எண்டார்.

எனக்குக் கை அப்பிடியே நிண்டுட்டு. வெயில் நல்லா ஏறி, புல்லு மும்முரமாச் சீனி செய்யிற நேரத்திலதான் இலையில குமிழி கட்டும். ஏழு மணிக்குக் கட்டாது. "ராசண்ணே, நீங்க எத்தினை மணிக்குப் புடுங்கின?" எண்டு கேட்டன்.

"காலமை வலை எடுக்கவேணுமே! ஏலம் முடிச்சு, சோறு திண்டுபோட்டு, ஒரு ரெண்டு மணி போல வருவன். அதுவும் மழை விட்டு வெயில் எறிக்கிற நாளாப் பாத்து" எண்டார். கோடைப் புல்லெல்லாம் நான் காலமை புடுங்கினது. இரவெல்லாம் சீனியைத் திண்டு முடிச்ச வெறும் வயித்துப் புல்லு. இவர் கொண்டுவந்தது மத்தியானம் வரைக்கும் சமைச்சு நிறைஞ்ச புல்லு. ரெண்டையும் ஒப்பிட்டு, வாவி நல்லா இருக்கெண்டு ஊருக்குச் சொல்லப் போறம். துண்டில "காலை 7" எண்டு எழுதினது என்ட கை. அந்த மனிசனிட்ட நேரம் முக்கியமெண்டு நான் ஒரு சொல்லுச் சொல்லேல்ல. தண்ணிக்குள்ள நிண்டுகொண்டே அழுகை வந்திட்டு. ராசண்ணன் பயந்துபோய்க் கேட்டார்: "ஏன் புள்ள அழுறாய்? ரெண்டு மணிக்கும் அதே புல்லுத்தானே?"

கூட்டம்

பொய் சொல்ல மாட்டன், ஒரு நாள் முழுக்க மறைக்கத்தான் யோசிச்சன். என்னையும் ராசண்ணனையும் தவிர ஆருக்கும் தெரியாது. அவருக்கும் அதிட பாரதூரம் விளங்கேல்ல. வாயை மூடிக்கொண்டிருந்தா வேலை இருக்கும். ஆனா நாளைக்குப் புல்லு கருகினா, இறால் இல்லாமப் போனா, முதல்ல வெறும் வலையை இழுக்கப் போறதும் அந்த மனிசன்தான்.

மண்டப வாசலில சேரை மறிச்சுச் சொன்னன். அவர் கையில இருந்த தாளை மடிச்சு என்னட்ட தந்தார். "பிழை உங்கட கையில நடந்தது. நீங்களே சொல்லுங்க" எண்டு மட்டும் சொன்னார்.

ஒரு பக்கம் வெள்ளாமைக்காரர், மற்றப் பக்கம் தோணிக்காரர். அட்டவணை பிழை, புடுங்கின நேரம் வேற, துண்டில எழுதின நேரம் வேற, பிழை என்னுடையது, அடைபட்ட தண்ணி புல்லுக்கு நல்லதா கூடாதா எண்டு இப்ப எங்களுக்குத் தெரியாது எண்டு சொன்னன். தோணிக்காரர் பக்கம் ஒரே கூச்சல். வெள்ளாமைக்காரர் காசு குடுத்து வாங்கிட்டாங்க எண்டு ஒருத்தர் கத்தினார். என்னால நிமிந்து பாக்க ஏலேல்ல.

அந்தக் கூச்சலுக்குள்ள ராசண்ணன் எழும்பினார். தன்ட ஆக்களைப் பாத்துத்தான் சொன்னார். "கத்தாதீங்க. புடுங்கினது நான். ரெண்டு மணிக்குத்தான் புடுங்கினன். புள்ள சொல்லுறது உண்மை." சத்தம் அடங்கிச்சு. எதிர்ப் பக்கம், மண்வெட்டியோட சைக்கிளில வந்த அந்த வெள்ளாமைக்காரர் பக்கத்து ஆளிட்ட சொன்னது மண்டபத்துக்கே கேட்டுது: "ரெண்டு பேரில ஒராளுக்கு விசர் எண்டு சொன்னன். இப்ப பாத்தா இவரையும் சேத்து எண்ணவேணும்."

துண்டு

எங்கட பதிலுக்கு ஆரும் காத்திருக்கேல்ல. அடுத்த கிழமை வட்டையில தண்ணி ஏறிச்சு, ஆத்துவாயை வெட்டிட்டாங்க. அடைபட்ட தண்ணியில புல்லு என்னாகுதெண்டு பாக்க அடுத்த மாரி வரவேணும். அது வரைக்கும் என்னை வைச்சிருக்கச் சொல்லி, நடந்ததை மறைக்காம எழுதிச் சேர் மேலிடத்துக்குக் கடிதம் போட்டிருக்கார். பதில் இன்னும் வரேல்ல.

துறையில சில பேர் ராசண்ணனோட கதைக்கிறதில்ல. அதைப் பத்தி அவர் என்னட்ட ஒரு சொல்லும் சொன்னதில்ல. ஆனா வலை எடுக்கிறதைத் தன்ட மச்சானிட்ட விட்டுப்போட்டு, நான் வர ஏலாத நாளெல்லாம் காலமை தானே போறார். நேரத்துக்கு இடம் விட்டு நான் வெறுமையாக் குடுத்த துண்டைக் கையில வைச்சுக்கொண்டு, தண்ணிக்குள்ள நிண்டபடியே ஃபோன் எடுப்பார்: "புள்ள, மணி ஏழு பத்து. குமிழி இல்ல. நீயும் எழுதிக்கொள்."

ஒரு புல்லுக்குள்ள எவ்வளவு சீனி இருக்கெண்டு கண்டுபுடிக்க எனக்குக் குழாயும் மருந்தும் தந்தாங்க, ஆனா அதை எத்தினை மணிக்குப் புடுங்கினதெண்டு கண்டுபுடிக்க ஒரு கூட்டமும், ஒரு மனிசனுக்குத் துறையில இருந்த சிநேகிதங்களும் செலவாகிப் போச்சு.