எல்லைக்குப் போகாத பாடகர்

எங்கள் ஆட்கள் பட்டமில்லாமல் யாரையும் மேலுலகத்துக்கு அனுப்பமாட்டார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர், முன்னாள் சங்கக்கடை முகாமையாளர் என்று ஏதாவது ஒன்று பெயருக்கு முன்னால் நிற்கவேண்டும். கார்த்திகையில் மாதாகோயில் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது பதவியேற்பு விழா மாதிரி இருக்கும்.

அந்தப் பழக்கத்தால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

இத்தாலியில், கபோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், தொண்ணூறு தாண்டிய மூதாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை; சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தாய்மாமன் ஒரு பாடகர். சர்வாதிகாரி காலத்தில் பொலிஸ் அவரைப் பிடித்து அனுப்பியதாம். 'கொன்ஃபீனோ' என்றார் சின்யோரா. தான் கண்ணை மூடுமுன் ஒரு கோயிலிலாவது மாமாவின் பெயரை மறைக்காமல் சொல்லவேண்டும் என்பது அவர் ஆசை. சொந்தக்காரர் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

"உங்கட கோயிலிலை சொல்லுவியோ?" என்று கேட்டார். அவர் பேசியது இத்தாலியன்தான். என் காதில் எல்லாமே யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

என் இத்தாலியன், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மட்டும் போதுமானது. 'கொன்ஃபீனே' என்றால் எல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு எழுத்துத்தானே வித்தியாசம்! பெயருக்கு முன்னால் 'எல்லைக் காவல் வீரர்' என்று எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு பூசையில் கணீரென்று வாசித்தார்கள். பெருமையோடு வந்து சொன்னேன்.

சின்யோரா கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லையிலை காவல் நிக்கிறான் எண்டுதான் என்ர அம்மாவும் ஊருக்குப் பொய் சொன்னவ. மாமா ஒரு ஆம்பிளையை விரும்பினவர். அதுக்காகத் தீவிலை கொண்டுபோய் அடைச்சவங்கள். கொன்ஃபீனோ எண்டா அதுதான். திரும்பி வந்தாப்பிறகு முகம் வழிக்கேக்கை மட்டும் பாடுவார், அதுவும் பைப்பைத் திறந்துவிட்டிட்டு. இப்ப நீயும் அதே பொய்யைச் சொல்லிப்போட்டு வாறாய்."

பைப் சத்தத்துக்குள் அவர் பாடிய மெட்டை, நான் கத்தரிக்காய் வெட்டும்போது சின்யோரா முணுமுணுப்பார். இன்று அது உலகத்தில் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒருவர் சின்யோரா. மற்றவன், கோயில் பாடகர் குழுவில் 'வாயை மட்டும் அசையுங்கோ' என்று கேட்டுக்கொள்ளப்பட்ட நான். பாவம் அந்த மாமா.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே யன்னலை மூன்று தரம் துடைத்தேன். சந்தைக்கு மீன் வாங்கப் போய், இரண்டு தரம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். பாடகர் குழுவை நடத்தும் அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன்.

"உமக்கேன் தம்பி இந்த வேலை? சனம் உம்மைப் பற்றியும் கதைக்கும். செத்தவர் வந்து கேக்கப்போறாரோ?"

"அவர் கேக்கமாட்டார் அக்கா. அவற்ர மருமோள் கேப்பா."

அக்கா பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு, சின்யோரா கேட்கட்டும் என்று ஃபோனை அழைப்பில் வைத்துக்கொண்டு நானே மைக் முன் நின்றேன். பெயரைச் சொன்னேன். "பாடகர். ஒரு ஆணை நேசித்ததற்காகத் தீவுக்கு அனுப்பப்பட்டவர். அவர் எல்லைக்குப் போகவேயில்லை. போன கிழமை நான் எழுதிக் கொடுத்தது பிழை."

எல்லோரும் சேர்ந்து செபம் சொல்லவேண்டிய இடம். ஒரு இருமல் மட்டும் கேட்டது. என் கால்கள் வாசல் பக்கம் திரும்பிவிட்டன. அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் தனியாக எழுந்தது. மெல்ல மெல்ல மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வெளியே வந்து ஃபோனைக் காதில் வைத்தேன்.

"மாமான்ர பேர் கேட்டது," என்றார் சின்யோரா. பிறகு, "ஏன் அழுதழுது சொன்னனி?"

"அழேல்லை சின்யோரா. என்ர குரலே அப்படித்தான்."

"நல்லகாலம், பாடாமல் விட்டாய்."