கழுத்துக்குள் ஒரு கிழிசல்

முதலில் வெறும் கழுத்துவலி என்றுதான் என் கணவர் சொன்னார். மறுநாள் பாயான் பாருவில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஜார்ஜ் டவுன் மருத்துவமனை ஒன்றில் இளம் தமிழ் டாக்டர் ஒருவர் விளக்கினார். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அந்த இடம் வீங்கி, மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் குழாயையே அடைக்க வேண்டும். மறுபக்கக் குழாய் ஈடுகொடுக்காவிட்டால் பக்கவாதம் வரலாம். அடைக்காமல் விட்டு மறுபடி கசிந்தால் ஆள் தங்க மாட்டார்.

அழக்கூட எனக்குத் தெம்பில்லை. "உங்க அண்ணனா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?" என்றேன்.

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அடைக்கத்தான் சொல்லுவேன் அக்கா. ஆனா வெளிய நின்னு பயந்துகிட்டேதான் இருப்பேன் லா."

அதுவரை எல்லோரும் ஒன்றும் ஆகாது என்றே சொல்லியிருந்தார்கள். பயப்படலாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். சம்மதித்தேன்.

கணவர் பிழைத்தார். ஆனால் லேசான பக்கவாதம் தாக்கியதில் குரல் கரகரத்துவிட்டது, தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். சில நாள் அலுப்பில் அழுதுவிடுவேன்.

"போதும், நீ சாப்பிடு," என்பார்.

என்னைச் சாப்பிடச் சொல்ல அவர் இருக்கிறார். எழுந்துபோய்த் தட்டை எடுத்துக்கொள்வேன்.