வாத்தியார் கிணத்தடி

இன்று பரந்தனில் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறி, "வாத்தியார் கிணத்தடி ஒண்டு" என்று டிக்கெட் கேட்டேன்.

"அப்பிடி ஒரு இடம் இந்த றூட்டில இல்லை ஐயா" என்றார் கொண்டக்டர்.

பின் சீட்டிலிருந்த அம்மா எனக்காகப் பரிந்து பேசினார்: "தம்பி, ஐயா காம்படியைச் சொல்லுறார்."

அந்த வாத்தியார் என் அப்பா. வழியில் போகிறவர்கள் குடிக்கட்டும் என்று றோட்டோரம் அவர் வெட்டிய கிணறு, இப்போது ஆமிக் காம்பின், அதாவது இராணுவ முகாமின், முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருக்கிறது. நான் நில அளவையாளராக இருந்தபோது வாத்தியார் கிணத்தடி என்ற பெயரை வரைபடத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அங்கே இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வேறு பஸ், வேறு கொண்டக்டர்.

"எங்கை ஏறினனீங்கள் ஐயா?"

"காம்படி" என்றேன். உடனே டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார்.

உங்கள் ஊரில் பஸ் இப்போது எந்தப் பெயருக்கு நிற்கிறது?