மோட்டார் ஓடுது, தண்ணி வரலை

நல்ல செய்தி சொல்வதற்காக மோட்டார் மெக்கானிக்கிற்கு இதுவரை யாரும் போன் செய்ததில்லை. “மோட்டார் ஓடுது, தண்ணி வரலை” என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். “ஹலோ”கூட அதற்கு அப்புறம்தான். முகம் முழுக்க சோப்போடு, ஒரு கண்ணை மட்டும் திறந்து குழாயை முறைத்தபடி நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்போது நீங்கள் யாரையெல்லாம் திட்டினீர்களோ, அந்த வரிசையில் நானும் இருந்திருப்பேன். அரியமங்கலத்தில் நானும் ஜமால் பாயும் சேர்ந்து கடை வைத்திருக்கிறோம். எரிந்துபோன காயிலை, அதாவது மோட்டாருக்குள் சுற்றிய கம்பியை, திரும்பக் கட்டுவது பாயின் வேலை. வீடு வீடாகப் போய் ஏச்சு வாங்குவது என்னுடையது.

மாடியும் கீழ் வீடும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. மூன்றாவது மாடியில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய ஷவரைக் குளியலறையில் மாட்டியிருந்தார். தாம்பாளம் அகலத்துக்கு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக, யோசித்து யோசித்து விழுந்தது. டேங்க் அவர் தலைக்கு நேர் மேலேதான் இருக்கிறது, அந்தக் கொஞ்ச உயரத்துக்கு வேகம் இவ்வளவுதான் வரும், கீழே போகப் போகத்தான் கூடும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அதெல்லாம் இல்லைங்க. கீழ் வீட்டுக்காரர் பிரஷரை இழுக்கிறாரு” என்றார்.

சோதித்துவிடுவோம் என்று கீழே இறங்கி, அந்த வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டு வந்தேன். ஷவர் அதே மாதிரிதான் சொட்டியது. கடைசியில் சின்னதாக ஒரு பிரஷர் பம்ப் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். தண்ணீர் சாட்டையால் அடிப்பதுபோல் கொட்டியது. மனுஷனுக்கு நனைந்த முகமெல்லாம் சிரிப்பு. சாயங்காலம் அவரிடமிருந்தே போன். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

“தம்பி, இப்ப கீழ் வீட்டுக்காரருக்குக் குறைஞ்சிருக்கான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்.”

வீடியோ பார்த்த வைத்தியம்

கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒருவர் செல்போனில் வீடியோ பார்த்தே தன் வீட்டு மோட்டாரைப் பிரித்து, திரும்பவும் மாட்டிவிட்டார். ஸ்விட்ச் போட்டதும் மாவு மில் மாதிரி சத்தம். நான் போனபோது மோட்டார் பக்கத்தில் ஒரு தட்டில் நாலைந்து போல்ட்டும் ஒரு ரப்பர் வளையமும் மிச்சம் இருந்தன. பிரசாதம் நீட்டுவதுபோல் தட்டை என்னிடம் நீட்டினார். “இதெல்லாம் எங்க சார் போகணும்னு வீடியோவில் சொல்லலையா?” என்று கேட்டேன். தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

“நடுவுல விளம்பரம்னு நினைச்சு ஒரு இடத்தைத் தள்ளிவிட்டேன். அங்கதான் சொல்லியிருப்பான்போல.”

மடி மோட்டார்

ஸ்ரீரங்கத்தில் இன்னொரு வீடு. கொல்லைப்புறக் கிணற்றில் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. அந்த வீட்டு மாமி மடியாக இருந்தார். “பெருமாளுக்குத் தளிகை ஆகணும், ஜலமே இல்லை” என்று பதறினார். நான் கிணற்றடிக்குப் போனதும், “கிணத்தைத் தொடாம ரிப்பேர் பண்ண முடியுமோ?” என்றார். மோட்டாருக்கு மந்திரம் தெரியாது, கையால்தான் கழற்ற வேண்டும் என்றேன். யோசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார். தான் பார்க்காதபோது தொட்டால் கணக்கில்லைபோல.

கிணற்றுக்குள் இறங்கினேன். குழாயின் அடி நுனியில் இருந்த வால்வில் வேப்பங்குச்சி ஒன்று சிக்கியிருந்தது. அதனால் வால்வு மூடாமல், ஏறின தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக் குச்சியை எடுத்தேன். மேலே வந்து, குழாயில் இருந்த காற்று போகத் தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் கொட்டியது. மாமி என் கையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். உள்ளே அடுப்பு காத்திருக்கிறது. நேரம் போகிறது. குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தார்.

“ஓடற ஜலத்துக்கு தோஷமில்லை. நான் ரொப்பி முடிக்கற வரைக்கும் மோட்டாரை மட்டும் நிறுத்திடாதீங்கோ!”

ஏர் லாக்

உறையூரில் மாடியில் குடியிருந்த பெண் கூப்பிட்டிருந்தார். கைக்குழந்தைக்காரி. துணி அலசக்கூடத் தண்ணீர் வரவில்லை என்றார். கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் வாசலிலேயே என்னை மறித்து, “ஏர் லாக்தான் தம்பி, குழாயில காத்து அடைச்சிருக்கு. தானா சரியாயிடும்னு சொன்னேன், கேட்கலை” என்றார். மொட்டை மாடிக்கு ஏறினேன். டேங்கிலிருந்து இரண்டு குழாய் இறங்கியது. கீழ் வீட்டுக்குப் போவதில் சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு முழுக்கத் திறந்திருந்தது. மாடிக்குப் போவதில் முக்கால்வாசி மூடி, திருகும் கைப்பிடியையே யாரோ கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள்.

ஸ்பேனரால் வால்வைத் திறந்துவிட்டு, என் பையிலிருந்த வேறொரு கைப்பிடியை மாட்டினேன். கீழே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார். பின்னாலேயே இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண். “என்னண்ணே பிரச்சனை?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், “ஏர் லாக்தாம்மா, எடுத்தாச்சு” என்றார். அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த ஏர் லாக் உங்க சட்டைப் பாக்கெட்டுலேர்ந்து சிவப்பா எட்டிப் பார்க்குது சார்.”

கல்யாண வீடு

ஜீயபுரத்தில் தங்கராசு என்பவர் வீட்டில் மறுநாள் மகள் கல்யாணம். பந்தல் போட்டாயிற்று, வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்திறங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து போர்வெல்லில் இருந்த மோட்டார் நின்றுவிட்டது. அங்கிருந்தவர்களோடு சேர்ந்து குழாயோடு மேலே இழுத்துப் பார்த்தால் கருகின வாடை. “காயில் எரிஞ்சிருச்சுங்க. கடைக்குக் கொண்டுபோய்த்தான் கட்டணும். இன்னைக்கு ஆகாது” என்றேன். தங்கராசு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் கழுவாத அரிசியோடு நின்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் காத்திருந்தவர்கள், ஏதோ நான்தான் எரித்ததுபோல் என்னைப் பார்த்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், வேலிக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டத்தில் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. தோட்டம் தங்கராசுவின் அண்ணன் முறையான செல்லமுத்துவுடையது. வேலியை எங்கே போடுவது என்ற சண்டையில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வைக்கவில்லை. “அங்கேர்ந்து ஒரு ஓஸ் பைப் போட்டா இப்பவே வேலை முடிஞ்சிடும்” என்றேன். “செத்தாலும் அவன்கிட்ட கேட்க மாட்டேன். லாரித் தண்ணிக்குச் சொல்லுங்க” என்றார் தங்கராசு. லாரிக்காரர் போனையே எடுக்கவில்லை.

அப்போது கல்யாணப் பெண்ணே வெளியில் வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. எதையும் தொட முடியாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி நேராக வேலிக்குப் போனாள். “பெரியப்பா! கை கழுவத் தண்ணியில்லை. ஓஸ் ஒண்ணு இழுத்துப் போடுங்க” என்று கத்தினாள். தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் வாழை இலைகள் அசைந்தன. செல்லமுத்து ஓஸைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு வேலியைத் தாண்டி வந்தார். முதலில் பெண்ணின் கையில் தண்ணீரை விட்டார். தங்கராசு எழுந்து வீட்டுக்குள் போய், மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையோடு வந்து அண்ணன் முன்னால் நீட்டினார். செல்லமுத்து அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

“பத்திரிகையை ஓரமா வை தங்கராசு, என் கை ஈரமா இருக்கு. முதல்ல டிரம்மைக் கொண்டா.”

அவசரக் கேஸ்

ஒருநாள் கடையில் போனை எடுத்துப் பேசிய ஜமால் பாய், முகத்தை ரொம்பக் கறாராக வைத்துக்கொண்டு, “அவசரக் கேஸ், உடனே கிளம்பு” என்று முகவரி சொன்னார். அது என் வீட்டு முகவரி. “பாய், இது...” என்றேன். “கஸ்டமர் கஸ்டமர்தான்” என்று காயில் கட்டத் திரும்பிவிட்டார். அடுப்படிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று என் மனைவி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் பல நாளாக “நாளைக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் அவள் என்னை முன்பின் தெரியாதவர்போல் வரவேற்றாள். “வாங்க, உட்காருங்க. தண்ணி கொடுக்கலாம்னா குழாயில வரலைங்க” என்றாள். நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயின் மூக்கைக் கழற்றினேன். சல்லடையில் மணல் அடைத்திருந்தது. கழுவி மாட்டியதும் தண்ணீர் பாத்திரம் நிறையக் கொட்டியது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

“இப்படித்தாங்க ஒரு ஃபேனும் ரொம்ப நாளா ஓடலை. அதுக்கு எந்தக் கடைக்குப் போன் பண்ணணும்?”

நான் கழற்றிப் பார்த்த மோட்டார்களில் பலதும் நல்லாத்தான் இருந்தது, கோளாறு வேறெங்கேயோதான் இருந்தது என்பதை மட்டும், தயவுசெய்து, எங்கள் கடை வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.