என் பங்குத் தட்டு

அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஒன்லைன் வகுப்பில் ரீச்சர் 'லைட்ஹவுஸ்' என்ற சொல்லைப் பிரித்துக் கைதட்டினார்: முன்பாதிக்குப் பலமாக, பின்பாதிக்கு மெதுவாக. என் விரல் பின்பாதியை மட்டும் கதிரைக் கையில் தட்டியது.

பேசாலைக் கரையில் கவிழ்த்துவைத்த வள்ளத்தில் சின்ன வயதில் அக்காவும் நானும் இங்கிலிஷ் சொற்களை அப்படித்தான் படித்தோம். தார் மணக்கும் பலகையில் அவள் முன்பாதியை ஓங்கித் தட்டுவாள்.

"மெல்லத் தட்டடி, அது உன்ர பங்கு" என்பாள் என்னிடம்.

"வள்ளம் உடையப்போகுது, பிள்ளை!" என்று பக்கத்தில் கிழிந்த வலை பொத்தும் அப்பா அவளைத்தான் ஏசுவார்.

அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்த மறுநாள், வள்ளத்தடிக்குத் தனியாகப் போய் அவள் பங்கையும் நானே ஓங்கித் தட்டினேன். அப்பா பொத்திக்கொண்டிருந்த வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா வந்திட்டாளோ?"

அதற்குப் பிறகு நான் ஓங்கித் தட்டியதில்லை.